காம்பவுண்ட் வில்லுல அம்பு ஏன் குறி தப்புது? நம்ம குமரி மாவட்டத்து ஆளுக அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதிலும்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம்னு இப்ப நம்ம பக்கம் காம்பவுண்ட் வில்லு (ரெண்டு முனையிலயும் சக்கரம் வச்ச வில்லு) தூக்குற பிள்ளைய கூடிட்டே வருது. 2023-ல ஹாங்சோவுல நடந்த ஆசிய விளையாட்டுல காம்பவுண்ட்ல இருந்த அஞ்சு தங்கத்தையும் இந்தியாவே அள்ளிட்டு வந்ததுக்கு பொறவு கேக்கவே வேண்டாம், 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ல வேற காம்பவுண்ட் கலப்பு அணி போட்டி வருது. ஆளு கூட கூட கேள்வியும் கூடுது. ஆனா எல்லாரும் சுத்தி சுத்தி ஒண்ணைத்தான் கேக்குறாங்க, அம்பு நான் பாத்த எடத்துக்கு ஏன் போவலன்னு. நானும் எல்லாருக்கும் மொதல்ல சொல்றது ஒண்ணுதான், ஸ்க்ரூ திருப்புற அலன் கீயை கீழ வச்சிட்டு டார்கெட் பேப்பரை போய் பாருங்க, எங்க கோளாறுன்னு அதுலயே எழுதியிருக்கும்.

(கீழ சொல்றது எல்லாம் வலங்கை ஆளுக்கு. எடங்கை ஆளுக எடம் வலத்தை மாத்தி படிச்சுக்கோங்க.)

அண்ணே, குறி பாக்குற சைட்டை எவ்வளவு திருப்பியும் சரியாவல. ஒருநாள் எடப்பக்கம் போவுது, மறுநாள் வலப்பக்கம் போவுது. சைட்டு போச்சா?

சைட்டு போகல. நீங்கதான் அதை வெரட்டிக்கிட்டு இருக்கீங்க. ஆறு அம்பும் ஒரே எடத்துல குமிஞ்சு கெடக்கு, ஆனா நடுவுல இல்லன்னா அது சைட்டு வேலை, அம்பு எந்தப்பக்கம் போவுதோ அந்தப்பக்கமே சைட்டை நகட்டுங்க, எடப்பக்கம் போனா சைட்டும் எடம், மேல போனா சைட்டும் மேல, அவ்ளோதான் கணக்கு. ஆறும் ஆறு தெசைக்கு போயிருக்குன்னா சைட்டைத் தொடவே கூடாது, ஏன்னா எந்த அம்பை நம்பி திருப்புவீங்க? ஒரு அம்பு விட்டுட்டு உடனே ரெண்டு கிளிக் திருப்புற ஆளுக ஒருபாடு பேரை பாத்துட்டேன், சாயங்காலம் ஆனா காலையில இருந்த எடத்துக்கே சைட்டு வந்து நிக்கும். குறைஞ்சது ரெண்டு மூணு சுத்து அம்பு விட்டு, குமிஞ்ச எடத்தோட நடு எதுன்னு பாத்து, பொறவு நகட்டுங்க. கூட்டத்துல சேராம தனியா போன அம்பை கணக்குல எடுக்காண்டாம்.

20 மீட்டர்ல எல்லாம் டார்கெட் நடு மஞ்சள்லதான், 50 மீட்டருக்கு போனா நீலத்துக்கும் கீழ போவுது. வில்லுக்கு பவர் பத்தலையா?

பவருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. கண்ணுக்கும் சைட் முனைக்கும் நடுவுல ஏறத்தாழ 85 சென்டிமீட்டர் தூரம்னு வைங்க. அங்க வெறும் 1 மில்லிமீட்டர் தள்ளிப்போச்சுன்னா 20 மீட்டர்ல அது ரெண்டரை சென்டிமீட்டருக்கும் கம்மி, கோட்டைத் தொட்டுக்கிட்டாவது 10 கெடைச்சிரும். அதே 1 மில்லிமீட்டர் 50 மீட்டர்ல கிட்டத்தட்ட 6 சென்டிமீட்டர். போட்டியில வைக்கிற 80 சென்டிமீட்டர் பேப்பர்ல 10 வளையத்தோட மொத்த விட்டமே 8 சென்டிமீட்டர்தான், நடுவுலேந்து வெளிக்கோடு வரைக்கும் 4 தான் இருக்கு. அப்போ 20 மீட்டர்ல ஒளிஞ்சு கெடந்த தப்பு எல்லாம் 50-ல வெளிய வருது, அங்கன புதுசா ஒண்ணும் பொறக்கல. அதனால 20-ல மஞ்சள்ல விழுந்தா போதும்னு பாக்காதீங்க, அம்பு ஒண்ணை ஒண்ணு உரசிக்கிட்டு நிக்குதான்னு பாருங்க.

அம்பு எல்லாம் ஒரே உயரத்துல, ஆனா எடமும் வலமுமா கோடு போட்ட மாதிரி விழுது.

பத்துல எட்டு பேருக்கு இது கைதான். வில்லை புடிக்கிற எடது கை. ரைசரை (வில்லு நடுவுல கைப்புடி இருக்குற பாகம்) இறுக்கிப் புடிச்சாலோ, ஒவ்வொரு தடவையும் வேற வேற எடத்துல கை உக்காந்தாலோ, அம்பு விடுற நேரத்துல வில்லு ஒரு பக்கமா முறுகும். வில்லு உள்ளங்கையில பெருவிரல் பக்கத்து மேட்டுலதான் அழுந்தணும், உள்ளங்கை நடுவுல ஓடுற ரேகையை தாண்டி சுண்டுவிரல் பக்கம் போகக்கூடாது. விரல் முட்டி எல்லாம் ஏறத்தாழ 45 டிகிரி சாஞ்சு நிக்கணும், விரல் தளர்ந்து தொங்கணும். வில்லு கீழ விழுந்திருமோன்னு பயந்துதான் எல்லாரும் புடிக்கிறாங்க, அதுக்குத்தான் கையில மாட்டுற ஸ்லிங்கு இருக்கு, மொதல்ல அதை வாங்குங்க.

கையை சரி பண்ணியும் எடம் வலம் போவுதுன்னா அடுத்து சைட்டுல இருக்குற பபுள் (மட்டம் காட்டுற குமிழி) பாருங்க. வில்லோட மேல்முனை வலப்பக்கம் சாஞ்சா அம்பும் வலப்பக்கம்தான் போகும். முழுசா இழுத்து குறி பாக்கும்போது பபுள் நடுவுல இருந்தா மட்டும் போதாது, விடுற வரைக்கும் இருக்கணும், பாதிப்பேரு இழுத்த உடனே ஒரு தடவை பாத்துட்டு மறந்துருவாங்க. அதுவும் சரின்னா நாண் மூஞ்சியில அழுந்துதான்னு பாருங்க, கன்னத்துலயோ தாடையிலயோ நாண் அமுங்கினா அது பக்கவாட்டுல தள்ளும். மூக்கு நுனியில லேசா தொட்டா போதும். இதெல்லாம் முடிஞ்ச பொறவுதான் ரெஸ்ட்டு (அம்பு உக்கார்ற தாங்கி), கேம் (வில்லு முனை சக்கரம்) சாய்வு, கேபிள்னு (கேமை இணைக்குற கயிறு) வில்லு பக்கம் போகணும்.

எனக்கு அது இல்ல, மேலயும் கீழயுமா தூக்கி தூக்கி விழுது.

இது கொஞ்சம் சிக்கலு, ஆளாவும் இருக்கும் வில்லாவும் இருக்கும். ஆளுன்னா பெரும்பாலும் சுவர்ல நிக்காதது. காம்பவுண்ட்ல கடைசி வரைக்கும் இழுத்தா இதுக்கு மேல வராதுன்னு ஒரு எடம் இருக்குல்லா, அதுல முட்டிக்கிட்டு நிக்கணும், குறி பாத்துக்கிட்டே இருக்கும்போது நாண் பைய முன்னால நழுவுச்சுன்னா ஒவ்வொரு அம்புக்கும் வேற வேற வேகம். அப்புறம் தாடையில கை உக்கார்ற எடம் மாறுறது, அம்பு எங்க போச்சுன்னு பாக்குற அவசரத்துல எடது கையை கீழ போடுறது. அம்பு டார்கெட்ல தட்டுற சத்தம் கேக்குற வரைக்கும் கை அங்கனயே நிக்கட்டும்.

வில்லுன்னா ரெண்டு கேம் வச்ச மாடல்ல ரெண்டு கேமும் ஒரே நேரத்துல முட்டணும். மேல் கேம் முந்தி கீழ் கேம் பிந்தின்னா நாக் (நாண்ல மாட்டுற அம்போட பின்முனை) நேரா போகாம மேலயோ கீழயோ அலைஞ்சுக்கிட்டு போகும். இதை கண்ணால பாக்க டிரா போர்டு (வில்லை மாட்டி பைய இழுத்து பாக்குற பலகை) வேணும், இல்லன்னா நீங்க இழுத்து நிக்கும்போது கூட ஒருத்தர் பக்கத்துல நின்னு ரெண்டு ஸ்டாப்பும் ஒண்ணா தொடுதான்னு பாக்கலாம். சரி பண்றதுக்கு கேபிள்ல முறுக்கு கூட்டணும் கொறைக்கணும், அதுக்கு பிரஸ் (லிம்புன்னு சொல்ற, வில்லோட வளையுற ரெண்டு கையையும் அழுத்தி நாணை தளர்த்துற கருவி) வேணும். பிரஸ் இல்லாம கயிறு கட்டி கேபிளை கழட்டுற வேலை மட்டும் பண்ணாதீங்க, லிம்பு தெறிச்சா முகம் போயிரும். டி-லூப் (நாணை இழுத்து விடுற டிரிகர் வச்ச ரிலீஸ் கருவியை மாட்டுற, நாண்ல கட்டுன சின்ன வளையம்) முடிச்சு நழுவுனாலும் இதே கதைதான், முடிச்சுக்கு ஒட்டி நாண்ல ஒரு வெள்ளை மார்க்கு போட்டு வச்சா நழுவுதா இல்லையான்னு ஒரு பார்வையில தெரியும்.

அஞ்சு அம்பு ஒண்ணா நிக்குது, ஒண்ணு மட்டும் எப்பவும் தனியா.

அம்புக்கு நம்பர் போட்டிருக்கீங்களா? போடலன்னா இன்னைக்கே மார்க்கர் எடுத்து 1, 2, 3-ன்னு போடுங்க. நம்பர் இல்லாத அம்பு வச்சு பயிற்சி எடுக்குறவங்க தப்பு தங்கிட்டயா அம்புலயான்னு தெரியாமலே காலத்தை ஓட்டுவாங்க. நாலு சுத்துலயும் 4-ம் நம்பர்தான் வெளிய போவுதுன்னா, அதை கையில எடுத்து காதுகிட்ட வச்சு ரெண்டு கையாலயும் லேசா வளைச்சு சுத்தி சுத்தி பாருங்க, நறுக்குன்னு சத்தம் வந்தா கார்பன் விரிஞ்சிருக்கு, உடைச்சு போடுங்க, அதை மறுபடி விட்டா நாண் தள்ளுற வேகத்துல சில்லு சில்லா கைக்குள்ள ஏறும். சத்தம் இல்லன்னா நாக் வெடிச்சிருக்கான்னு பாருங்க, முன்முனை லூசா, வேன் (அம்போட வால் இறகு) ஒட்டு விட்டிருக்கான்னு பாருங்க. எல்லாம் நல்லாருந்தா நாக்கை திருப்பி வேற ஒரு வேன் மேல வர்ற மாதிரி மாட்டி விட்டுப் பாருங்க, கார்பன் குழாய் எல்லா பக்கமும் ஒரே விறைப்பா இருக்காது, சில அம்பு அப்படி திருப்பி விட்டதும் கூட்டத்துல சேர்ந்துரும். அப்பவும் சேரலன்னா அதை ஒதுக்கிருங்க, அதுகூட மல்லுக்கட்டாண்டாம்.

கூட்டுக்காரன்கிட்ட பழைய அம்பு ஒரு டசன் வாங்கினேன். அவனுக்கு சூப்பரா போச்சு, எனக்கு போவல.

அவன் வில்லு எத்தனை பவுண்டு (இழுக்குற விசை), உங்க வில்லு எத்தனை? அம்புல 400, 500-ன்னு போட்டிருக்கும்லா, அதுதான் ஸ்பைன், விறைப்பு. 28 இஞ்சு இடைவெளியில ரெண்டு முனையும் தாங்கவச்சு நடுவுல 880 கிராம் எடையை தொங்கவிட்டா அரை இஞ்சு தொங்குனா அது 500. நம்பர் கூடக்கூட அம்பு கொழகொழன்னு இருக்கும். அவன் 40 பவுண்டுல விட்ட 600 அம்பை நீங்க 55-ல விட்டா அது பாம்பு மாதிரி நெளிஞ்சுதான் போகும், நீங்க எவ்வளவு நல்லா விட்டாலும் சரி. நீளமும் முன்முனை எடையும் கூட சேர்த்துத்தான் ஸ்பைன் பாக்கணும், நீளமான அம்பு, கனமான முனை ரெண்டும் அம்பை இன்னும் வளைய வைக்கும். அம்பு கம்பெனி சார்ட்டுல உங்க பவுண்டு, உங்க நீளம் ரெண்டையும் பாத்து வாங்குங்க. ரொம்ப லேசான அம்பும் வேண்டாம், ஒரு பவுண்டுக்கு 5 கிரெயினுக்கு (அம்பு எடை அளவு) கீழ போனா வில்லுக்கு அது பாதி காலி அடிக்கு, அதாவது அம்பு இல்லாம நாணை விடுறதுக்கு சமம். போட்டிக்கு போற எண்ணம் இருந்தா 9.3 மில்லிமீட்டருக்கு மேல தடிமன் ஆகாது, வில்லும் 60 பவுண்டுக்கு மேல ஆகாது, ரெண்டும் உலக வில்வித்தை சம்மேளன விதி.

பேப்பர் டியூனிங்னு சொல்றாங்களே, வீட்டுல பண்ணலாமா?

பண்ணலாம், எளுப்பம்தான். அம்பு நேரா கெளம்புதான்னு பேப்பர் கிழிசலை வச்சு பாக்குறதுதான் அது. ஒரு மரச்சட்டத்துல நியூஸ் பேப்பரை விறைப்பா ஒட்டி, ரெண்டு மீட்டர் தள்ளி நின்னு விடுங்க, பின்னால டார்கெட் இருக்கணும். ஓட்டை வட்டமா மூணு வேன் கீறலோட இருந்தா கொள்ளாம். நாக் பக்கம் மேலாக்க கிழிஞ்சிருந்தா டி-லூப்பை கொஞ்சம் எறக்குங்க இல்ல ரெஸ்ட்டை கொஞ்சம் ஏத்துங்க, கீழ கிழிஞ்சா தலைகீழ். எடப்பக்கம் கிழிஞ்சா ரெஸ்ட்டை வலப்பக்கம் ஒரு துளி, வலப்பக்கம் கிழிஞ்சா எடப்பக்கம். துளின்னா துளிதான், அரை மில்லிமீட்டரே பெருசு. ஆனா ஒரு அம்பு எடம் கிழியுது அடுத்தது வலம் கிழியுதுன்னா ரெஸ்ட்டை தொடாதீங்க, மேல சொன்ன கை சமாச்சாரத்துக்கு திரும்பிப் போங்க. எவ்வளவு நகட்டியும் கிழிசல் அப்படியே இருந்தா வேன் எங்கயோ தட்டுது. வேன்ல குட்டிக்கூரா பவுடரை தூவி ஒரு அம்பு விட்டா ரெஸ்ட்டுலயோ கேபிள்லயோ பவுடர் ஒட்டியிருக்கும், கள்ளன் அங்கனதான்.

இதை வச்சுக்கிட்டு மாசக்கணக்கா அலையுற ஆளுகளும் உண்டு. பேப்பர்ல ஓட்டை அழகா வந்தா மெடல் தரமாட்டாங்க, 50 மீட்டர்ல குரூப்பு (அம்பு குமியுற எடம்) சின்னதானா போதும்.

குறி நடுவுக்கு வந்ததும் விரல் தானா டிரிகரை தட்டிருது. சில நேரம் நடுவுக்கே கொண்டுபோக முடியல, கீழயே உறைஞ்சு நிக்குது.

இதை டார்கெட் பேனிக்னு சொல்லுவாங்க. வருசக்கணக்கா விட்டவங்களுக்கும் வரும், வெக்கப்பட ஒண்ணும் இல்ல, ஆனா வில்லு மேல பழி போட்டு புது ரிலீஸ் புது சைட்டுன்னு காசை கொட்டுற எடமும் இதுதான். என்ன நடக்குதுன்னா, கண்ணு மஞ்சளைப் பாத்ததும் மூளை 'இப்பம் விடு'ன்னு கத்தும், விரல் அதை கேட்டு டிரிகரை குத்தும், அந்த குத்துல தோளும் கையும் சேர்ந்து ஆடும், அம்பு கெளம்புறதுக்கு முன்னாலயே குறி போயிருக்கும். கொஞ்ச நாளானா மூளை பயந்து, குறி நடுவுக்கு வந்தா குத்திருவோம்னு நடுவுக்கு வரவே விடாது.

சைட்டு முள்ளு ஆடத்தான் செய்யும். ஆடாம நிக்கணும்னு நெனைக்குறதுதான் சீக்கு. உலக சாம்பியனுக்கும் ஆடும், அவங்க அதை ஆடவிட்டுக்கிட்டே முதுகை இறுக்கிட்டு இருப்பாங்க, ரிலீஸ் அதுபாட்டுக்கு போகும். அந்த பழக்கத்துக்கு வர டார்கெட் பேப்பரையே கழட்டி போடணும். மூணு மீட்டர்ல வெறும் டார்கெட் மெத்தை முன்னால நின்னு, சைட்டை கழட்டிட்டு, இழுத்து நின்ன பொறவு கண்ணை மூடி, டிரிகர் மேல விரலை நல்லா கொக்கி மாதிரி போட்டு, வலது முழங்கையை பைய பின்னால சுத்துற மாதிரி முதுகை மட்டும் இறுக்குங்க. எப்பம் போகும்னு உங்களுக்கே தெரியக்கூடாது. இதை சில வாரம் வேற எதுவும் செய்யாம செஞ்சாத்தான் பலன், ஞாயித்துக்கிழமை மட்டும் பத்து அம்பு இப்படி விட்டுட்டு மத்த நாள் 50 மீட்டர்ல குத்திக்கிட்டு இருந்தா வேலைக்காவாது. டிரிகரை ரொம்ப லேசா வச்சிருந்தா கொஞ்சம் கனப்படுத்துங்க, தொட்டா போற டிரிகர்தான் குத்துற பழக்கத்தை வளர்க்கும். இன்னொண்ணு, இழுத்து ஏழெட்டு செகண்டுல போகலன்னா எறக்கிருங்க, எறக்குறது தோல்வி இல்ல, நாண் பைய முன்னால போறப்ப விரல் டிரிகர்ல இருக்காம பாத்துக்கிட்டா போதும். போட்டியில மாறி மாறி விடும்போது ஒரு அம்புக்கு 20 செகண்டு உண்டு, ஒரு தடவை எறக்கி ஏத்த நேரம் தாராளம்.

என் மவளுக்கு பதினாலு வயசு. மொதல் பத்து அம்பு நல்லா போவுது, பொறவு எல்லாம் கீழ எறங்குது. கோச்சுக்காண்டி 45 பவுண்டு வில்லு வாங்கிக் கொடுத்தோம்.

அம்மா, அம்பு கீழ எறங்குறது அவ தோளு சோர்ந்துட்டுன்னுதான் அர்த்தம். ஒண்ணு செஞ்சு பாருங்க, ஒரு நாற்காலியில உக்காரவச்சு அம்பு மாட்டி டார்கெட்டைப் பாத்து இழுக்கச் சொல்லுங்க. வில்லை வானத்தைப் பாத்து தூக்காம, ஒடம்பை வளைக்காம நேரா இழுக்க முடியலன்னா பவுண்டு கூடுதல். லிம்பு போல்ட்டு ரெண்டையும் ஒரே அளவு தளர்த்தினா கொறையும், ஒரு சுத்துக்கு ஏறத்தாழ 2-லேந்து 3 பவுண்டு, ஆனா வில்லு புக்குல போட்டிருக்க சுத்துக்கு மேல தளர்த்தக்கூடாது, போல்ட்டு கழண்டு வந்திரும். கொறைச்ச பொறவு சைட்டு மார்க்கு (ஒவ்வொரு தூரத்துக்கும் சைட்டு வைக்கிற அளவு) எல்லாம் மாறும், அதுக்கு பயப்படாதீங்க.

நீளத்தையும் பாருங்க. பிள்ளைங்க வளரும்னு டிரா லெங்க்தை (நாணை இழுக்குற நீளம்) கூட்டி வச்சு கொடுக்குறது நம்ம ஊர்ல வழக்கம், யூனிஃபார்ம் தச்ச மாதிரி. வில்லுக்கு அது ஆகவே ஆகாது. நீளம் கூடினா அவ பின்னால சாஞ்சு நிப்பா, எடது முழங்கை பூட்டிக்கும், நாண் கையில அடிச்சு தடிச்சு போயிருக்கும். செவந்த தடம் கையில இருக்கான்னு இன்னைக்கே பாருங்க. அரை இஞ்சு கொறைச்சா ஒரே நாள்ல குரூப்பு சுருங்குறதை பாக்கலாம். பிள்ளை வளர வளர மாடுலை (கேம்ல இருக்குற, இழுக்குற நீளத்தை மாத்துற துண்டு) மாத்திக்கலாம்.

ஆரல்வாய்மொழி பக்கம் எங்க வீடு. ஆனி ஆடியில வில்லை தூக்கவே முடியல, காத்து அப்படி அடிக்குது.

முப்பந்தல்ல காத்தாடி சும்மாவா நட்டு வச்சிருக்கான். தென்மேற்கு பருவக்காத்து மலை இடுக்கு வழியா நெருக்கி வர்ற எடம், அங்கன ஆனி ஆடியில புது சைட்டு மார்க்கு எடுக்க உக்காராதீங்க. வெள்ளனே ஆறு மணிக்கு காத்து எழும்புறதுக்கு முன்னால மார்க்கு எடுத்து எழுதி வைங்க. பொறவு காத்துல விடுறதை தனி பயிற்சியா எடுங்க, ஏன்னா போட்டி எங்க நடந்தாலும் காத்து இல்லாம இருக்காது, அதுல நம்ம பிள்ளைகளுக்கு ஒரு மேல்கை உண்டுன்னு நான் சொல்லுவேன்.

50 மீட்டரை அம்பு முக்கால் செகண்டுக்குள்ள கடந்துரும், அதனால அம்பை காத்து தள்ளுறதை விட வில்லையும் ஒடம்பையும் தள்ளுறதுதான் பெரிய தொல்லை. காத்து சீரா ஒரே பக்கமா அடிச்சா, ஒரு குரூப்பு விட்டுப் பாத்து எவ்வளவு தள்ளுதோ அவ்வளவு காத்து வர்ற பக்கமா குறியை தள்ளி வைங்க. வளையம் எண்ணி தள்ளுங்க, 'கொஞ்சம்'னு தள்ளாதீங்க. விட்டு விட்டு அடிச்சா காத்து தணியுற நேரத்துக்கு காத்திருந்து விடுங்க. சைட்டை மட்டும் திருப்பாதீங்க, நீங்க திருப்பி முடிக்கிறதுக்குள்ள காத்து நின்னுருக்கும். வில்லு ஆட்டத்தை கொறைக்குற பக்கவாட்டு ஸ்டெபிலைசர் கம்பி தடிமனா இருந்தா அதுலயும் காத்து புடிக்கும், மெலிஞ்ச கம்பி, மெலிஞ்ச அம்பு, சின்ன வேன், இது மூணும் உதவும்.

குளச்சல்ல கடலுக்கு பக்கத்துல இருக்கோம். ஸ்க்ரூ எல்லாம் துரு ஏறுது. குறி தப்புறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் உண்டா?

நேரா சம்பந்தம் உண்டு. துரு ஏறுன ஸ்க்ரூ இறுகாது, இறுகின மாதிரி காட்டிட்டு ஒவ்வொரு அம்புக்கும் நடுங்கி நடுங்கி தளரும். சைட்டு மவுண்டு, ரெஸ்ட்டு, ஸ்கோப்பு (சைட்டு முனையில இருக்குற வட்டம்) கம்பி, ஸ்டெபிலைசர் நாலையும் விடுறதுக்கு முன்னால கையால அசைச்சுப் பாருங்க. ஸ்க்ரூ எங்க நிக்குதுன்னு ஸ்க்ரூ மேலயும் ரைசர் மேலயும் சேர்த்து ஒரு கோடு போட்டு வச்சா, கோடு பிரிஞ்சா தளர்ந்திருச்சுன்னு அர்த்தம். உப்புக் காத்துல ரிலீஸோட உள் ஸ்பிரிங்கும் பிசுபிசுத்து டிரிகர் ஒருநாள் லேசா ஒருநாள் கனமா இருக்கும், அதை கழுவி காயவச்சு அதுக்குரிய எண்ணெய் ஒரு சொட்டு விடுங்க, தேங்கா எண்ணெய் வேண்டவே வேண்டாம், பிசினாயிரும். விட்டு முடிச்சதும் ஈரத்துணியால துடைச்சு காஞ்ச துணியால மறுபடி துடைச்சு பையில வைங்க.

மழையைப் பத்தியும் சேர்த்து சொல்லிருதேன், நமக்கு ஆனி ஆடியிலயும் மழை, ஐப்பசி கார்த்திகையிலயும் மழை. பீப் ஓட்டையில (நாண்ல இருக்குற, கண்ணு வச்சு பாக்குற ஓட்டை) ஒரு சொட்டு நின்னா கண்ணு தெரியாது, ஒவ்வொரு அம்புக்கும் முன்னால ஊதுங்க. நாணுக்கு மெழுகு போட்டா தண்ணி உள்ள எறங்காது, ஆனா நடு சர்விங் (நாண் நடுவுல சுத்தியிருக்குற நூல்) மேல மெழுகு அப்பாதீங்க.

அப்புறம் கார். வெயில்ல கதவை மூடி வில்லை டிக்கியில போட்டு வச்சா நாண் நூல் நீளும், நீண்டா பீப் எறங்கும் கேம் டைமிங் மாறும், மறுநாள் எல்லாம் கீழ. வெக்ட்ரான் நார் கலந்த பிசிஒய் 452எக்ஸ் மாதிரி நூல் நீளுறது கொறைவு, ஆனாலும் காருக்குள்ள வேண்டாம்.

பீப் திரும்பி நிக்குது, ஓட்டை தெரியல. கையால திருப்பி விட்டு விடலாமா?

விடலாம், ஆனா அடுத்த அம்புக்கும் திருப்பணும். புது நாண்னா ஒரு நூறு அம்பு வரைக்கும் அப்படி ஆடும், அதுக்கு பொறவு அடங்கும். அடங்கலன்னா நாண் முனையில அரை முறுக்கு கூட்டியோ கொறைச்சோ சரி பண்ணணும். பீப் ஓட்டைக்கு நடுவுல ஸ்கோப்போட வெளி வட்டம் சரியா உக்காரணும், உள்ள இருக்கிற புள்ளி மட்டும் நடுவுல தெரிஞ்சா பத்தாது.

கண்ணாடி போடுற ஆளுகளுக்கு ஸ்கோப்புல லென்சு போட்டா டார்கெட் பெருசா மங்கலா தெரியும், அதுக்கு பீப்புல போடுற குட்டி லென்சு தனியா உண்டு. புள்ளி கொஞ்சம் மங்கலா, டார்கெட் தெளிவா இருந்தா போதும். குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் தோட்டத்து நிழல்ல விடுறவங்க பீப் ஓட்டை கொஞ்சம் பெருசா வச்சுக்கோங்க, மூணு மணிக்கே அங்கன இருட்டுன மாதிரிதான். அந்தி வெயில் மேக்கலேந்து ஒரு பக்கமா அடிச்சா சைட்டு புள்ளியோட ஒரு பக்கம் மட்டும் மின்னும், கண்ணு அந்த மின்னுற பக்கத்தை நடுவுன்னு எடுத்துக்கும், குரூப்பு நகரும். ஸ்கோப்புக்கு ஒரு கருப்பு மறைப்பு போட்டா தீர்ந்தது.

மேட்டுலேந்து பள்ளத்துக்கு விட்டா மேல போவுது, பக்கவாட்டுலயும் போவுது. ஏன்?

ரெண்டும் வேற வேற காரணம். மேல போறது, சாய்வா அளந்த தூரத்துக்கு நீங்க சைட்டு வச்சிருக்கீங்க, ஆனா அம்பு விழுறதுக்கு கணக்கு தரைமட்ட தூரம்தான். 30 டிகிரி சரிவுல 40 மீட்டர்னா 34, 35 மீட்டருக்கு வைக்கணும். மேட்டைப் பாத்து விட்டாலும் இதே கொறைக்குற கணக்குதான். பக்கவாட்டுல போறது சைட்டோட மூணாவது அச்சு சரியில்லாததால. சமதரையில பபுள் ஒழுங்கா காட்டும், வில்லு சாஞ்சதும் பொய் சொல்லும். அதை சரி பண்ண சைட்டுல தனி ஸ்க்ரூ இருக்கும், இல்லாத மலிவு சைட்டுன்னா சரிவுல விடுறதை மறந்துருங்க.

செகண்ட் ஹாண்ட்ல வில்லு வாங்கப் போறேன், என்ன பாக்கணும்?

லிம்புல மேலேந்து கீழ வரைக்கும் பஞ்சை தேய்ச்சு இழுங்க, நார் மாட்டினா விரிசல், வாங்காதீங்க. கேம் விளிம்பு வளைஞ்சிருக்கான்னு பாருங்க, அம்பு இல்லாம வெறும் நாணை இழுத்து விட்ட வில்லுல பெரும்பாலும் வளைஞ்சிருக்கும். நாணும் கேபிளும் எப்பம் மாத்துனதுன்னு கேளுங்க, ரெண்டு வருசம் தாண்டிருந்தா புது நாணுக்கும் சேர்த்து வெலை பேசுங்க. உங்க டிரா லெங்க்துக்கு மாடுல் கெடைக்குமான்னு மொதல்ல கேட்டுட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்கணும், அது கெடைக்கலன்னா மத்தது எல்லாம் நல்லாருந்தும் அது உங்க வில்லு இல்ல.

தென்னைமரத்துல விட்டு பழகலாமா?

கூடாது. அம்பும் போகும் மரமும் போகும், உருண்ட மரத்துல பட்ட அம்பு எந்த வீட்டு முத்தத்துல போய் விழும்னு சொல்ல முடியாது. சாக்குல பழைய துணியை இறுக்கி அடைச்சா நல்ல டார்கெட் கெடைக்கும், பின்னால ஆள் நடமாட்டம் இல்லாத மண்திட்டு இருக்கணும்.

தோட்டத்துல காட்டுப்பன்னி தொல்லை அண்ணே, மரச்சீனி எல்லாம் போச்சு. பன்னிக்கு எத்தனை பவுண்டு வேணும்?

அதுக்கு இங்க பதில் கெடையாது. 1972 வனஉயிரின பாதுகாப்பு சட்டத்துல ஜெயிலுக்குள்ள போக வேண்டி வரும். வனத்துறை ஆபீஸ்ல மனு கொடுங்க.

நாளைக்கு மாவட்ட போட்டி. இன்னைக்கு சாயங்காலம் திடீர்னு குரூப்பு கலைஞ்சு போச்சு, என்ன மாத்தட்டும்?

ஒண்ணும் மாத்தாண்டாம் மக்கா. நாக் வெடிச்சிருக்கா, ஸ்க்ரூ கோடு பிரிஞ்சிருக்கா, டி-லூப் மார்க்கு நழுவியிருக்கா, பீப் எறங்கியிருக்கா, இந்த நாலை மட்டும் பாரு. நாலும் சரின்னா உனக்கு தோளு அலுத்துப்போச்சு, வில்லை பையில வச்சு ஜிப்பை போட்டுட்டு சோறு தின்னுட்டு படு. காலையில வார்ம்அப்புல மொதல் ரெண்டு சுத்துக்கு சைட்டை தொடாத, மூணாவது சுத்துல குரூப்பு எங்க குமியுதோ அதுக்கு ஏத்தபடி நகட்டிக்கோ.